எரிந்ததா, எரித்தார்களா?

எங்கட வயசுக்காரர் இப்போது அதிகம் பாவிக்கிற ஆங்கிலச் சொற்களில் "ஃபயர்" ஒன்று. புதுப்படத்து ரெயிலர் வந்தால் ஃபயர். வடக்கின் பெரும் போரில் ஒருத்தன் சிக்ஸர் அடித்தால் ஃபயர். கூட்டாளி நல்லதொரு சேட்டுப் போட்டுப் படம் போட்டால் கீழே வரிசையாக மூன்று நெருப்புப் படம். தமிழிலும் அதை "தீ", "தீயா இருக்கு" எண்டு ஆக்கியாச்சு. சினிமா சொல்லித் தந்தது, நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

இதில் எனக்குக் குறை ஒண்டும் இல்லை. சொல் எண்டால் ஊர் சுற்றும்தான். ஆங்கிலத்தின் "ஃபயர்" நிறையவே சுற்றியிருக்கிறது. ஆரம்பகாலத் துவக்குகளில் வெடிமருந்துக்கு நெருப்பு வைத்தால்தான் குண்டு போகும். அதனால் நெருப்பு வைப்பது எண்ட சொல்லே சுடுவது எண்ட பொருளுக்கு வந்தது. சுடுவதற்கும் ஆளை வெளியே விடுவதற்கும் "டிஸ்சார்ஜ்" எண்டு ஆங்கிலத்தில் ஒரே சொல் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதை வைத்து ஒரு சொல் விளையாட்டு நடந்தது. அதிலிருந்துதான் வேலையால் நிப்பாட்டுவதும் "ஃபயர்" ஆனது. சண்டையை நிறுத்துவது "சீஸ் ஃபயர்". ஊரடங்குக்கு ஆங்கிலத்தில் "கேர்ஃபியூ" என்கிறோமே, அதன் பழைய பிரெஞ்சு மூலத்துக்கு "நெருப்பை மூடு" எண்டு அர்த்தம். இரவு மணி அடித்தால் அடுப்பு நெருப்பை மூடிவிட வேண்டும் எண்டது அந்தக் காலத்து ஐரோப்பியக் கட்டளை. "பொன்ஃபயர்" எண்டு கும்மாளமாகச் சொல்கிறோம். அது முதலில் "எலும்பு நெருப்பு". நெருப்பு மூட்டுவதைச் சொல்லும் "இக்னைற்" லத்தீனின் "இக்னிஸ்" வழி வந்தது. அதுவும் எங்கட ஐயர் சொல்லும் "அக்கினி"யும் தூரத்துச் சொந்தம்.

இப்படி ஒரு சொல்லின் பின்னால் போவது சுவாரசியமான வேலை. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு வேறென்ன வேலை எண்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தக் கட்டுரை அந்தச் சுவாரசியத்துக்காக எழுதியது அல்ல. நெருப்பைப் பற்றி நாங்கள் தமிழில் எழுதும் வசனங்களில் ஒரு எழுத்து பற்றிய பிரச்சினை இருக்கிறது. அதைப் பேசத்தான் வந்தேன்.

"தமிழில் நெருப்புக்கு எத்தனை சொல் இருக்குத் தெரியுமோ?" எண்டு பெருமைப்படும் பதிவுகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தீ, நெருப்பு, அனல், கனல், தழல், தணல், கொள்ளி, சுவாலை எண்டு வரிசை போகும். உண்மைதான். ஆனால் ஆங்கிலத்திலும் ஃபிளேம், பிளேஸ், எம்பர், சின்டர் எண்டு அடுக்கலாம். பெயர்ச்சொற்களை எண்ணிப் பார்த்து எந்த மொழியும் வெல்லப் போவதில்லை. தமிழின் உண்மையான பலம் இந்த விசயத்தில் வினைச்சொல்லில் இருக்கிறது.

சாதாரண தரத் தமிழ்ப் பாடத்தில் தன்வினை, பிறவினை எண்டு படித்தது நினைவிருக்கும். சோதினைக்குப் பாடமாக்கி, அடுத்த நாளே மறந்த பகுதி. விறகு எரிந்தது: தன்வினை. அவன் விறகை எரித்தான்: பிறவினை. எரிந்தது, எரித்தது. அழிந்தது, அழித்தது. மறைந்தது, மறைத்தது. அணைந்தது, அணைத்தது. நடுவில் ஒரு மெய்யெழுத்துத்தான் மாறுகிறது, "ந்" போய் "த்" வருகிறது. எங்கட வீட்டுப் பேச்சிலும் இது அப்படியே இருக்கிறது. அம்மம்மா "அடுப்பு நூந்து போச்சு" எண்டால் அது தானாக நூர்ந்தது. "லைற்றை நூத்துவிடு" எண்டால் நான் எழும்பிப் போய் நூர்க்க வேண்டும். இரண்டையும் அவ ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு வினைக்குள்ளே இல்லை. வீடு எரிந்தாலும் "பேர்ண்ட்", வீட்டை எரித்தாலும் அதே "பேர்ண்ட்". யார் செய்தது எண்டதை வசனத்தின் மற்றப் பகுதியில் தேட வேண்டும். தமிழில் அப்படித் தப்ப முடியாது. வாயைத் திறக்கும்போதே தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா எண்டு முடிவெடுத்தாக வேண்டும். மொழி எங்களைக் கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்விக்கு நாங்கள் எப்படிப் பதில் சொல்லி வந்திருக்கிறோம் எண்டு பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

1981ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மே 31 அன்று நாச்சிமார் கோயிலடியில் நடந்த கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டார்கள். அன்றிரவு தொடக்கம் பொலிஸாரும், தேர்தலுக்கெண்டு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கும்பல்களும் யாழ்ப்பாண நகரத்தில் இறங்கினார்கள். கடைகளை எரித்தார்கள். யாழ்ப்பாண எம்.பி. யோகேஸ்வரனின் வீட்டை எரித்தார்கள். கூட்டணியின் அலுவலகத்தை எரித்தார்கள். ஈழநாடு பத்திரிகைக் காரியாலயத்தை எரித்தார்கள். நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு ஓலைச்சுவடிகள். அரசாங்கத்தின் இரண்டு அமைச்சர்கள், சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும், அப்போது யாழ்ப்பாணத்தில்தான் நின்றார்கள். இதற்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

ஒவ்வொரு வருசமும் அந்த நாள் வரும்போது எங்கட ஃபேஸ்புக் பக்கங்களில் வரும் வசனங்களைக் கவனியுங்கள். "யாழ் நூலகம் எரிந்து இத்தனை ஆண்டுகள்." "தென்னாசியாவின் பெரும் நூலகம் தீக்கிரையான நாள்." "எரியுண்ட எம் அறிவுக் களஞ்சியம்." கொஞ்சம் கவனமானவர்கள் "எரிக்கப்பட்டது" எண்டு எழுதுவார்கள். "எரித்தார்கள்" எண்டு எழுதுபவர்கள் மிகக் குறைவு.

"தீக்கிரை" எண்ட சொல்லைப் பாருங்கள். இரை எண்டால் ஒரு மிருகம் தின்னுவது. தீ ஒரு மிருகம், அது வந்து நூலகத்தைத் தின்றுவிட்டது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மிருகத்தை யார் கூட்டிக்கொண்டு வந்து அவிழ்த்துவிட்டது எண்ட கேள்விக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. தமிழில் "தீவைப்பு" எண்டும் ஒரு சொல் இருக்கிறது. வைப்பு எண்டாலே வைத்த கை ஒன்று வேண்டும். "தீவிபத்து" எண்டால் கை வேண்டாம். நாங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் "தீக்கிரை"யைப் போட்டுவிட்டு, ஒரு மெழுகுதிரிப் படத்தையும் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தவர் எண்டு யாழ்ப்பாணம் இன்றும் நினைவுகூரும் தாவீது அடிகளார் ஒரு பன்மொழி அறிஞர். தமிழ்ச் சொற்களின் பிறப்பை ஆராய்ந்தவர். சொல்லுக்குச் சொல் வேர் தேடிய மனிதர் அந்த இரவோடு போய்விட்டார். அவரை நினைவுகூரும் பதிவில் வினைச்சொல்லையாவது சரியாகப் போடக்கூடாதா?

போர்க்காலப் பேச்சுக்கு வருவோம். "ஷெல் விழுந்து செத்தவர்." இது எங்கட ஊரில் எத்தனையோ வீடுகளின் கதை. ஷெல் எங்கிருந்து விழுந்தது? மாங்காய் போல மரத்திலிருந்தா? "வெடி விழுந்தது", "குண்டு பட்டது", "இடையில அம்பிட்டிட்டார்." எல்லாமே தன்வினைதான். மறுபக்கம் "ஷெல் அடிச்சாங்கள்", "சுட்டுப் போட்டாங்கள்" எண்டும் எங்கட பேச்சில் இருக்கிறது. ஒரே ஆள் ஒரே கதையைச் சொல்லும்போதுகூட, வீட்டுக்குள் "அடிச்சாங்கள்" எண்டும், வெளியில் விதானையாரின் படிவத்தை நிரப்பும்போது "விழுந்தது" எண்டும் மாறும்.

இங்கே "ஃபயர்" மறுபடி வருகிறது. 2009 இல் வன்னியில் அரசாங்கம் அறிவித்த இடங்களுக்கு ஆங்கிலத்தில் "நோ ஃபயர் சோன்" எண்டு பெயர். சுடக்கூடாத இடம். அந்தப் பெயரில் குறைந்தது ஒரு வாக்குறுதி இருந்தது: இங்கே சுடமாட்டோம். அதனால் பிறகு அந்தப் பெயரை வைத்தே கேள்வி கேட்க முடிந்தது. அடுத்தடுத்து அறிவித்த மூன்று வலயங்களுக்குள்ளும் அரச படைகள் பெருமளவில் ஷெல் அடித்தன எண்ட நம்பகமான குற்றச்சாட்டுகள் இருப்பதாக ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. சனல் 4 தொலைக்காட்சிக்காகப் போர்க்கால ஆவணப்படங்களை எடுத்த கலம் மக்ரே 2013 இல் வெளியிட்ட படத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். தமிழில் எங்கட காதுக்கு வந்த சொல் பெரும்பாலும் "பாதுகாப்பு வலயம்". அதில் சுடுவதும் இல்லை, சுடுபவரும் இல்லை. போதாததற்கு, 1990 தொடக்கம் வலிகாமம் வடக்குச் சனத்தை வீடு வாசலை விட்டு எழுப்பி உருவாக்கிய இடத்துக்கும் "உயர் பாதுகாப்பு வலயம்" எண்டுதான் பெயர். சனத்தை உள்ளே வரச் சொன்ன இடமும் பாதுகாப்பு வலயம், சனத்தை வெளியே துரத்திய இடமும் பாதுகாப்பு வலயம். யாருக்குப் பாதுகாப்பு எண்டு அந்தச் சொல் சொல்வதே இல்லை.

இனி எங்கட ஊர்.

கண்டி வீதியால் யாழ்ப்பாணத்துக்குள் வருபவர்கள் செம்மணி வளைவைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு பக்கம் வயல்வெளி, கொஞ்சம் தள்ளினால் உப்பளம், கடல்நீரேரி. அந்த வளைவுக்குக் கிட்டத்தான் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானம். நாங்கள் அதைச் சுடலை எண்டுதான் சொல்லுவோம். சுடு எண்ட வினையிலிருந்து வந்த சொல் அது. தமிழில் "சுடு" எண்டது "ஃபயர்" போலவே ஒரு பெரிய குடும்பம். அப்பம் சுடலாம், மாட்டுக்குச் சூடு போடலாம், துவக்கால் சுடலாம், பிணத்தைச் சுடலாம்.

2025 பெப்ரவரியில் அந்தச் சுடலையில் தகனமேடை கட்டுவதற்காக நிலத்தைத் தோண்டினார்கள். உடல்களை ஒழுங்காக எரிப்பதற்கு ஒரு இடம் கட்டுவதுதான் வேலை. தோண்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தன. விசயம் நீதிமன்றத்துக்குப் போனது. மே நடுப்பகுதியில் முறைப்படி அகழ்வு தொடங்கியது. முதற்கட்டத்தில் 19 என்புத் தொகுதிகள். செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டாம் கட்டம் முடியும்போது 200 இற்கும் மேல். ஆழமில்லாத கிடங்குகளில், ஒழுங்கில்லாமல், ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரு பிள்ளையின் பாடசாலைப் பை வந்தது. ஒரு பொம்மை வந்தது.

செம்மணி எண்ட பெயர் புதிது அல்ல. கிருசாந்தி குமாரசுவாமியும் அவரின் தாயும் தம்பியும் அயலவரும் 1996 செப்டம்பரில் கொல்லப்பட்ட வழக்கில் 1998 இல் தண்டனை பெற்ற படைச் சிப்பாய்களில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கிறார்கள் எண்டு நீதிமன்றத்திலேயே சொன்னார். 1999 இல் தோண்டினார்கள். 15 உடல்கள் எடுத்தார்கள். பிறகு அந்தப் பெயரே பேச்சில் தேய்ந்து போனது, 2025 வரைக்கும்.

எங்கட சைவ வழக்கத்தில் பெரியவர்கள் மோசம் போனால் எரிப்போம். சின்னக் குழந்தைகளைத்தான் புதைப்போம். மகன் கொள்ளி வைக்க வேண்டும். "எனக்குக் கொள்ளி வைக்க ஒரு பிள்ளை இல்லையே" எண்டு வயோதிபர்கள் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். இங்கே தலைகீழாக நடந்திருக்கிறது. பிள்ளை எங்கே எண்டு தெரியாமல், அவனுக்கு ஒரு கொள்ளியும் இல்லாமல், தாய்மார் முப்பது வருசமாக உயிரோடு இருக்கிறார்கள். "பெத்த வயிறு பத்தி எரியுது" எண்டு அவர்கள் சொல்லும்போது அது தன்வினைதான். ஆனால் அந்த வயிற்றை எரித்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தாய்மார்தான் இந்தத் தன்வினை, பிறவினை விசயத்தை எங்கள் எல்லாரையும் விட நன்றாக விளங்கியவர்கள். அரசாங்கம் சட்டம் போட்டு அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயர் "காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்". சாவியைக் காணேல்லை எண்டு தேடுவது போல இருக்கிறது அந்தப் பெயர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் குந்திய தாய்மார் "காணாமல் போனோர்" எண்ட சொல்லை ஏற்கவில்லை. "என்ர பிள்ளை காணாமல் போகேல்லை, நான்தான் கையில குடுத்தனான்" எண்டு சொல்லக்கூடியவர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள். "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்" எண்டதுதான் அவர்களின் சொல். போனோர் அல்ல, ஆக்கப்பட்டோர். 2018 இல் சர்வதேச சமவாயத்தை உள்நாட்டுச் சட்டமாக்கியபோது அரசாங்கத்தின் தமிழிலும் "காணாமலாக்கப்படுதல்" வந்தது. அலுவலகத்தின் பெயர் மட்டும் இன்னும் "காணாமற்போன". ஒரே அரசாங்கம், ஒரே மொழி, இரண்டு வினை. ஒன்றில் யாரோ செய்தார்கள், மற்றதில் ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

2025 ஜூன் 23 முதல் 25 வரை செம்மணியில் மூன்று நாள் போராட்டம் நடந்தது. முன்னுக்கு நின்றவர்களில் எங்கட வயசுக்காரர் நிறையப் பேர். கடைசி நாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் ரேர்க் அங்கே வந்தார். போராட்டத்துக்கு வைத்த பெயர் "அணையா விளக்கு". பொருத்தமான பெயர்தான். அணையாத விளக்கு எண்டாலே யாரோ பக்கத்தில் இருந்து எண்ணெய் விடுகிறார்கள், திரியைத் தூண்டுகிறார்கள் எண்டுதான் அர்த்தம். தானாக அணையாமல் இருக்கும் விளக்கு உலகத்தில் இல்லை.

இவ்வளவும் சொல்வது சுலபம். ஏனெண்டால் இதுவரை சொன்னதில் பெரும்பாலும் செய்தவர்கள் வெளியில் இருந்து வந்தவர்கள். "த்" எண்ட எழுத்தை அவர்களுக்குப் போடச் சொன்னால் எல்லாரும் கை தட்டுவீர்கள். கஷ்டம் இனித்தான்.

1986 சித்திரை கடைசியிலும் வைகாசித் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் ரெலோ இயக்கத்தவர்களுக்கு என்ன நடந்தது? "இயக்கங்களுக்குள்ள பிரச்சினை வந்தது." "அந்த நேரம் ஒரு மாதிரிக் காலம்." இப்படித்தான் எங்கட வீடுகளில் சொல்லுவார்கள். நடந்தது வேறு. விடுதலைப் புலிகள் அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். சிலரைத் தெருவில் ரயர் போட்டு எரித்தார்கள். ரயர் தானாக உருண்டு வந்து எரியவில்லை. சந்தியில் நின்று பார்த்தவர்கள் இன்றும் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் "போனவை", "வெளிக்கிட்டவை", "இடம்பெயர்ந்தவை". பாடசாலையில் யாராவது இதைப் பேசியிருந்தால், மிஞ்சிப் போனால் "வெளியேறிய" எண்டு கேட்டிருப்பீர்கள். வெளியேறு, வெளியேற்று. இங்கேயும் ஒரு எழுத்துத்தான். புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து, சோனகதெருவிலிருந்து ஒரு சமூகத்தையே வெளியேற்றினார்கள். நகையையும் காசையும் சோதித்துப் பறித்தார்கள். 2009 பற்றிய அதே ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில், தப்பிப் போக வெளிக்கிட்ட சனத்தைப் புலிகள் சுட்டார்கள் எண்டும் இருக்கிறது. "ஷெல் விழுந்தது" எண்டு எழுதாதே, "அடித்தார்கள்" எண்டு எழுது எண்டு கேட்கும் நான், "இடையில் வெடி பட்டது" எண்டு எழுதினால் அது நியாயம் இல்லை.

நூலகத்துக்குப் பிறவினையும் சோனகதெருவுக்குத் தன்வினையும் எண்டு வைத்துக்கொண்டால், எங்கட இலக்கணத்தை ஒருவரும் நம்பப் போவதில்லை. முக்கியமாக, சோனகதெருவில் வளரும் எங்கட வயசுப் பிள்ளைகள் நம்பப் போவதில்லை. அவர்களின் பெற்றோர் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தவர்கள். அவர்களிடம் போய் "நூலகத்தை எரித்தார்கள்" எண்டு நாங்கள் சொல்லும்போது அவர்களும் எங்களோடு சேர்ந்து சொல்ல வேண்டும் எண்டால், "உங்களை வெளியேற்றினார்கள்" எண்டு நாங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்பு வரும் எண்டு தெரியும்.

ஒன்று, பயம். "அந்தக் காலத்தில் அடிச்சாங்கள் எண்டு சொல்ல ஏலுமோ? சொன்னவன் அடுத்த நாள் இருக்க மாட்டான்" எண்டு மூத்தவர்கள் சொல்லுவார்கள். அவர்கள் சொல்வது சரி. "ஷெல் விழுந்தது" எண்டது கோழைத்தனம் அல்ல. சோதனைச்சாவடியில் ஒரு தரப்பு, ஒழுங்கையில் இன்னொரு தரப்பு, வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். அந்த நிலையில் எழுவாயை விழுங்கியது உயிரைக் காப்பாற்றிய இலக்கணம். அம்மம்மாவின் தலைமுறையை நான் இதற்காகக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அவர்கள் பயத்தில் பழகிய வசனத்தை நாங்கள் பழக்கத்தில் எழுதுகிறோம். எங்களுக்கும் பயம் அறவே இல்லை எண்டு இல்லை. நினைவேந்தல் பதிவு போட்டவர்களை விசாரணைக்குக் கூப்பிட்ட நாடு இது. எண்டாலும் எங்கே பயத்தில் விடுகிறோம், எங்கே சோம்பலில் விடுகிறோம் எண்டாவது பிரித்துப் பார்க்கலாம். 1981 ஐயும் 1990 ஐயும் பற்றி எழுதும்போது விடுவது பெரும்பாலும் சோம்பல்.

இரண்டாவது மறுப்பு இன்னும் பாரமானது. "செய்தது யார் எண்டு நிரூபிக்காமல் எப்படி எழுதுவது? அது நீதிமன்றத்தின் வேலை அல்லவா?" சித்துப்பாத்தியில் வந்த எலும்புகள் ஒவ்வொன்றும் யாருடையது, எப்போது புதைத்தது, யார் புதைத்தது எண்டதை ஆய்வும் நீதிமன்றமும்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நாங்கள் தீர்ப்பு எழுதக்கூடாது. முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாது எண்டு சொல்வதற்கும் தமிழில் நல்ல வசனம் இருக்கிறது. "இவர்களைப் புதைத்தவர்கள் யார் எண்டு இன்னும் தெரியவில்லை." இந்த வசனத்தில் எழுவாய்க்கு ஒரு கதிரை போட்டிருக்கிறது. ஆள் இன்னும் வந்து இருக்கவில்லை, அவ்வளவுதான். பார்க்கிறவர் எல்லாரும் "யார் இருக்க வேண்டிய கதிரை?" எண்டு கேட்பார்கள். "எலும்புகள் காணப்பட்டன", "நூலகம் எரிந்தது" எண்டால் கதிரையே இல்லை. கேட்க ஒன்றும் இல்லை.

செயப்பாட்டுவினையை நான் தடைசெய்யச் சொல்லவில்லை. "எரிக்கப்பட்டது" சில இடத்தில் வேண்டும். "காணாமல் ஆக்கப்பட்டோர்" எண்டதே செயப்பாட்டுவினைதான், அந்தத் தாய்மார் போராடி எடுத்த சொல். செய்தவர் ஒருவர் உண்டு எண்டதையாவது அது ஒத்துக்கொள்கிறது. தெரிந்த இடத்தில் "எரித்தார்கள்", தெரியாத இடத்தில் "எரிக்கப்பட்டது, எரித்தது யார்?", மின்னொழுக்கில் பற்றிய கடைக்கு "எரிந்தது". இந்த மூன்றையும் அவ்வவற்றின் இடத்தில் வைத்தால் போதும். தமிழ் இதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்கனவே கையில் தந்திருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களில் கனபேர் எழுதுகிறவர்கள். பக்கம் நடத்துகிறவர்கள், ரிக்ரொக்கில் குரல் கொடுக்கிறவர்கள், வெளிநாட்டில் பிறந்த மச்சான் மச்சாள்மாருக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துகிறவர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது "பேர்ண்ட்" எண்ட சொல் உங்களை இரண்டு பக்கமும் வழுக்க விடும். அப்போது செய்தவரை வசனத்தில் நீங்களே கொண்டுவந்து வையுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது, செய்தியை அப்படியே மொழிபெயர்க்க முதல் "தானாகவோ, ஆளாலோ?" எண்டு ஒருக்கால் கேளுங்கள். பாட்டுக்கும் படத்துக்கும் ஃபயர் விடுவதை விடுங்கள் எண்டு நான் சொல்லமாட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அடுத்த ஜூன் 1 வரும். யாழ்ப்பாண நூலகத்தின் கறுப்பு வெள்ளைப் படம் எல்லா இடத்திலும் சுற்றும். நீங்களும் பகிர்வீர்கள், நானும் பகிர்வேன். அந்தப் படத்துக்குக் கீழே எழுதும் வசனத்தில் எழுவாய் இருக்கிறதா எண்டு பாருங்கள். அதே கையோடு, ஒக்ரோபர் 30க்கும் ஒரு வசனம் எழுதி வையுங்கள். அதிலும் எழுவாய் இருக்கட்டும்.